நடப்பதற்கு ஒரு காரணம்: பெட்டி தேடும் பொழுதுபோக்கு

"தினமும் நடக்க வேண்டும்" என்பது எங்கள் மருத்துவமனையில் மிக அதிகமாக எழுதித் தரப்படும் அறிவுரை. மிகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்படுவதும் அதுவே. இயன்முறை மருத்துவப் பிரிவில் நோயாளிகளுக்கு ஒரு சிறு குறிப்பேடு தருகிறோம். நடந்த நாட்களில் அதில் ஒரு குறியிட வேண்டும். இருதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவரின் குறிப்பேட்டில் எல்லா நாட்களிலும் குறி இருந்தது. நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவி ஒன்றும் பேசாமல் தலையை இருபுறமும் அசைத்தார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கொங்கு நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் நடந்தே வாழ்ந்தது. ஆனால் அந்த நடைக்கெல்லாம் ஒரு காரியம் இருந்தது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச நடந்தார்கள், சந்தைக்கு நடந்தார்கள், ஆலைச் சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு நடந்தார்கள். எங்கும் போய்ச் சேராமல், ஒன்றையும் செய்யாமல், வெறுமனே சுற்றி வருவது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. "சும்மா எதுக்குங்க நடக்கறது?" என்ற கேள்வியை வாரம் ஒருமுறையாவது கேட்கிறோம். அது நியாயமான கேள்வி. அதற்குரிய விடைகளுள் ஒன்றை இந்த இதழில் விளக்க முற்படுகிறோம். அதன் பெயர் ஜியோகேச்சிங்.

ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைபேசியில் இட்டு, வழி கண்டு, நடந்து சென்று பெட்டியைத் தேடுகிறார்கள். கண்டவர் உள்ளே இருக்கும் சிறு ஏட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார். விளையாட்டு இவ்வளவுதான். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு வைக்கப்பட்டுள்ளன.

இதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இன்னும் ஏற்படவில்லை. "புதையல் வேட்டை" என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் புதையல் என்பது புதைத்து வைப்பது. இந்த விளையாட்டிலோ பெட்டியை மண்ணுக்குள் புதைக்கவே கூடாது என்பது முதன்மையான விதிகளுள் ஒன்று. தோண்டுவதற்கு இங்கு வேலையில்லை. ஆகவே நாங்கள் "பெட்டி தேடல்" என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறோம்.

தொடக்கம்

இந்த விளையாட்டின் பிறந்தநாளைத் துல்லியமாகச் சொல்லலாம். அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒரு பிழையை வேண்டுமென்றே கலந்து வைத்திருந்தது. அதனால் காட்டப்படும் இடம் நூறு மீட்டர் வரை தவறக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு மறைத்து வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். சில நாட்களிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கெனத் தனி இணையதளத்தைத் தொடங்கினார். அதுவே இன்றும் முதன்மையான தளமாக உள்ளது. கைபேசிச் செயலியும் உண்டு. அடிப்படைக் கணக்குக்குக் கட்டணமில்லை.

எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கோயம்புத்தூருக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் எண்கள் 11.0168, 76.9558 என்பவை. முதலாவது, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனை பாகை என்பது. இரண்டாவது, இங்கிலாந்தின் கிரீனிச் கோட்டிலிருந்து கிழக்கே எத்தனை பாகை என்பது. புள்ளிக்குப் பின் வரும் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் இடம் ஏறக்குறைய 11 மீட்டர் நகரும். ஐந்தாவது இலக்கம் மாறினால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே ஐந்து இலக்கங்கள் எழுதினால் ஒரு தென்னை மரத்தையே சுட்டிக்காட்டிவிடலாம். ஜியோகேச்சிங் தளத்தில் பாகையையும் கலையையும் தனித்தனியே எழுதும் முறை இருக்கிறது. செயலியே மாற்றிக் கொடுத்துவிடும்.

இதே காரியத்தைச் செய்ய ஒரு காலத்தில் எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சென்னையில் பரங்கிமலை அருகே 1802இல் வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணிக்காக, 1806இல் நம் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. கோணம் பார்க்கும் கருவி மட்டும் அரை டன் எடை. அதைச் சுமந்து மலையேறியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. இன்று அந்த எண்கள் சட்டைப் பையில் உள்ள கைபேசியில் சில நொடிகளில் கிடைக்கின்றன.

எண்கள் அழைத்துச் செல்வது குறிப்பிட்ட எல்லை வரைதான். மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் கைபேசி ஐந்து முதல் பத்து மீட்டர் வரை தவறிக் காட்டும். கடைசிப் பத்து மீட்டரில் கைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்களால் தேட வேண்டும். இந்த விளையாட்டின் சுவை முழுவதும் அந்தப் பத்து மீட்டருக்குள்தான் இருக்கிறது. பெட்டி சில வேளை ஒரு லிட்டர் டப்பா அளவில் இருக்கும். சில வேளை பழைய பிலிம் டப்பா அளவில், இன்னும் சில வேளை விரல் நுனி அளவில் இருக்கும்.

நோயாளிகளுக்கு இதில் என்ன இருக்கிறது

எங்களை முதலில் கவர்ந்தது இதன் மதிப்பெண் முறை. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் தரப்படுகின்றன. ஒன்று, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது. மற்றொன்று, அங்கே போய்ச் சேரும் வழி எவ்வளவு கடினம் என்பது. இரண்டும் ஒன்று முதல் ஐந்து வரை அரை அரையாக உயரும். நிலப்பாதை மதிப்பெண் ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் செல்லக்கூடிய இடம் என்று பொருள். ஒன்றரை என்றால் அப்படிச் செல்ல முடியாது, ஆனால் ஏறத்தாழச் சமதளம். ஐந்து என்றால் தனிக் கருவியோ பயிற்சியோ வேண்டும்.

மருத்துவர் சொல்லும் "மெல்ல மெல்லக் கூட்டுங்கள்" என்ற அறிவுரைக்கு இதைவிடத் தெளிவான ஏணியை நாங்கள் கண்டதில்லை. மூட்டு மாற்று அறுவை செய்தவர் ஒன்றில் தொடங்கி, ஒன்றரைக்கு வந்து, சில மாதங்களில் இரண்டுக்குப் போகலாம். பக்கவாதத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒன்றிலேயே நெடுங்காலம் மனநிறைவோடு விளையாடலாம். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர நேரும் அவமானம் குறைகிறது. எனினும் மதிப்பெண்ணை வழங்குபவர் பெட்டியை வைத்தவரே என்பதால், உடனிருப்பவர் ஒருமுறை முன்னதாகச் சென்று வழியைப் பார்த்து வருவது நலம். நம் ஊர் நடைபாதையில் நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும்.

இரண்டாவதாகக் கவர்ந்தது இன்னும் முக்கியமானது. நோய் ஒருவரை எப்போதும் பெற்றுக்கொள்பவராகவே ஆக்கிவிடுகிறது. மருந்தை வாங்கிக்கொள்கிறார், உணவை வாங்கிக்கொள்கிறார், அறிவுரையை வாங்கிக்கொள்கிறார். வீட்டில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. பெட்டி தேடலில் இந்த ஏற்பாடு தலைகீழாகலாம். ஏனெனில் பெட்டிகளில் ஒரு வகை, புதிரை அவிழ்த்தால்தான் எண்களே கிடைக்கும் வகை. புதிரை அவிழ்க்கக் கால்கள் வேண்டியதில்லை. டயாலிசிஸ் படுக்கையில் நான்கு மணி நேரம் இருப்பவர் அங்கிருந்தபடியே அவிழ்க்கலாம். மகளோ மருமகனோ மாலையில் சென்று பெட்டியைத் தேடலாம். புதிரை அமைப்பவராகவும் அவரே இருக்கலாம்; அது இன்னும் நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. "நகரின் முதல் நூற்பாலையை ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆண்டின் கடைசி இலக்கத்தை நான்காவது இடத்தில் இடு. காஸ் வன அருங்காட்சியகம் தொடங்கிய ஆண்டின் கடைசி இலக்கத்தை ஐந்தாவது இடத்தில் இடு." முதலாவது 1888, இரண்டாவது 1902; ஆகவே 8, 2. ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு இது நினைவில் இருக்கும். கல்லூரி செல்லும் பேரனுக்கு இருக்காது. கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் புதிராக இருந்தால், "உன் அப்பா பிறந்த அன்று எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல் வண்டி கட்டிப் போனோம்?" என்பது போன்ற கேள்விகளும் இடம்பெறலாம். அவற்றுக்கு விடை தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டுமே.

முற்றிலும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்றை வாங்கி ஒரு பொம்மையிலோ சாவிக் கொத்திலோ கோத்து ஒரு பெட்டியில் இட்டால், கண்டெடுப்பவர்கள் அதை எடுத்துச் சென்று அடுத்த பெட்டியில் இடுகிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று தளத்தில் பதிவு செய்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் பிள்ளை அங்குள்ள பெட்டியில் இட்டுவிட்டால், அது ஊர் ஊராகச் செல்வதை இங்கே படுக்கையிலிருந்தபடியே கைபேசியில் பின்தொடரலாம். இத்தகைய வில்லைகள் தொலைந்துபோவதும் அடிக்கடி நடப்பதே. அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. நோயுற்றவர் அதைத் தீய சகுனமாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

கோயம்புத்தூரில் கவனிக்க வேண்டியவை

மேலை நாடுகளில் உள்ளதைப் போன்ற அடர்த்தியை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஜெர்மனியில் ஒரு சிற்றூரைச் சுற்றி இருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையை நம் நாட்டில் ஒரு மாவட்டத்திலும் காண்பது அரிது. செயலியைத் திறந்து உங்கள் பகுதியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குறைவாக இருந்தால் நாமே வைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் நாங்கள் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியுள்ளது.

1998 பிப்ரவரி 14ஐ இந்நகரம் மறக்கவில்லை. அன்று காயமுற்றவர்களும் உறவினரை இழந்தவர்களும் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பெட்டி இவ்வூரில் விளையாட்டுப் பொருள் அன்று. ஆகவே பேருந்து நிலையம், ரயில் நிலையம், சந்தை, வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை வளாகம் ஆகிய எவற்றிலும் பெட்டி வைக்கக் கூடாது. எங்கள் வளாகத்திலும் கூடாது. ரெட்பீல்ட்ஸ் பகுதியில் விமானப்படையின் நிர்வாகக் கல்லூரியும் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணியும் உள்ளன, சூலூரில் விமானப்படைத் தளம் உள்ளது. அவற்றின் மதில்களை ஒட்டிக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு எதையோ தேடுவது வீண் தொல்லையை வரவழைக்கும்.

விளையாட்டின் சொந்த விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். வெளியிடுவதற்கு முன் தன்னார்வலர் ஒருவர் ஒவ்வொரு பதிவையும் ஆய்வு செய்கிறார். பெட்டியை வைத்தவரே அதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். சிகிச்சைக்காக அடிக்கடி மருத்துவமனையில் தங்க நேர்பவர், பொறுப்பேற்க மற்றொருவர் இருந்தால் மட்டுமே பொதுப் பெட்டி வைக்க முன்வருவது நல்லது.

பெட்டியே இல்லாத வகைகள் இருப்பதால் இதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. எர்த்கேச் என்ற வகை 2004 முதல் உள்ளது. அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் துணையோடு தொடங்கியது. ஓரிடத்துக்குச் சென்று அங்குள்ள பாறையையோ மண்ணையோ நீரோட்டத்தையோ கவனித்து, கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். அட்வெஞ்சர் லேப் என்ற வகையில் சில இடங்களுக்கு வரிசையாகச் சென்று அங்கே கண்ணில் படும் விவரங்களைக் கொண்டு விடை சொல்ல வேண்டும். எங்கள் எண்ணத்தில் கோவைக்கு இவையே பொருத்தமானவை. நம் ஊருக்குக் காற்றைத் தரும் பாலக்காட்டுக் கணவாய், மதுக்கரையின் சுண்ணாம்புக்கல், நொய்யலாற்றின் பழைய குளங்கள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நல்ல கேள்விக்கு இடமளிப்பது. ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் சுற்று இரண்டரை கிலோமீட்டர் அளவு; இடையிடையே அமர இருக்கைகளும் உண்டு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றின் கரைகளில் அமைக்கப்பட்டுள்ள நடைபாதைகளும் முதியோருக்கு ஏற்றவை. வெயில் ஏறுவதற்கு முன் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மருதமலை, தடாகம், மதுக்கரை, சிறுவாணி அடிவாரங்களில் பாதையை விட்டு விலகிச் செல்லாதீர்கள். அவை யானைகள் நடமாடும் பகுதிகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றமும் ஆகும். எண்கள் அங்கே அழைத்தாலும் போகத் தேவையில்லை.

மற்றொன்று. இந்த விளையாட்டில் தேறியவர்கள் பிறர் கண்ணில் படாமல் தேடுவதைப் பெருமையாகக் கருதுகிறார்கள். விளையாட்டை அறியாத வழிப்போக்கர்களுக்கு ஹாரி பாட்டர் கதைகளிலிருந்து "மகிள்" என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது நடவாது. ஒரு பெரியவர் மரத்தடியில் குனிந்து பார்த்தால், "என்னங்க, ஏதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நான்கு பேர் வந்து நிற்பார்கள். மறைக்காமல் விளையாட்டைச் சொல்லிவிடுங்கள். காவலாளியிடமும் காவலரிடமும் முன்னதாகவே சொல்லுங்கள்.

வீட்டுக்குள் ஒரு வட்டம்

முதலில் குறிப்பிட்ட பெரியவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் சம்மதத்துடனேயே எழுதுகிறோம். அவருடைய தோட்டம் அவிநாசிக்கு அப்பால் உள்ளது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பேத்தி, அங்கே தான் பள்ளித் தோழிகளுடன் விளையாடுவதை இங்கும் செய்து பார்த்தாள். எவர்சில்வர் டப்பாக்கள் நான்கைத் தோட்டத்துக்குள் ஆங்காங்கே வைத்து எண்களைத் தாத்தாவின் கைபேசிக்கு அனுப்பினாள். தன் தோட்டத்துக்குள் தனக்குத் தெரியாத ஓரிடமா என்ற ரோஷத்தில் அவர் கிளம்பினார். முதல் நாள் கிணற்று மேடு வரை சென்று திரும்பினார். மறுநாள் வரப்போரமாகக் கிழக்கு வேலி வரை சென்றார். பேத்தி ஊருக்குத் திரும்பிய பிறகு அவரே வைக்கத் தொடங்கினார். வார இறுதியில் வரும் மற்றப் பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள். சமையலறையில் ஒரு தூக்குப்போசி காணாமல் போனதை அவருடைய மனைவி எங்களிடம் முறையிட்டார். அதற்குப் பின் வந்த குறிப்பேட்டில் நாள்தோறும் குறி இல்லை. வாரத்தில் ஐந்து நாட்களுக்கு இருந்தது. அதை நாங்கள் நம்பினோம்.

இப்படித் தொடங்க இணையத்தில் கணக்குக்கூடத் தேவையில்லை. கைபேசி வரைபடத்தில் ஓரிடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எண்கள் தோன்றும். அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். மூடி இறுகிய டப்பா ஒன்று, சிறு ஏடு, பென்சில் ஆகியன போதும். பேனா மை மழையிலும் வெயிலிலும் கெட்டுவிடும். மாற்றிக்கொள்ளும் பொருட்கள் வைப்பதானால், எடுத்ததற்கு ஈடாகவோ அதைவிட நல்லதாகவோ ஒன்றை வைக்க வேண்டும் என்பது மரபு. தின்பண்டம் வைத்தால் எறும்பும் எலியும் முதலில் கண்டுபிடித்துவிடும். மாத்திரை, கத்தி, தீப்பெட்டி ஒருபோதும் கூடாது. காலியான மருந்து டப்பாவைப் பயன்படுத்தினாலும் மேலுள்ள காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

புறப்படும் முன்

இருதய நோயாளிகள் நடக்கும்போது பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். பெட்டி அருகில் வந்ததும் ஆவலில் வேகம் கூடுவது இயல்பு. அங்கேதான் நிதானிக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, வியர்வையோ ஏற்பட்டால் உடனே அமர்ந்து 108ஐ அழையுங்கள். மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்தவர்கள் எலும்பு கூடும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வரை, கல்லைப் புரட்டுவதோ கிளையைப் பற்றித் தொங்குவதோ கூடாது.

சர்க்கரை நோயாளிகள், குறிப்பாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், வரப்பிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்தே பழகியவர்களிடம் இதைச் சொல்வது கடினம். ஆனால் கருவேல முள் தைத்தது தெரியாமல் ஒரு வாரம் கழித்துப் புண்ணோடு வருபவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். திரும்பியதும் இரு பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு உடனிருப்பவர் பார்க்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் சர்க்கரையோ குளுக்கோஸோ கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோதெரபி பெறுபவர்களும் உறுப்பு மாற்று செய்தவர்களும் மண், மக்கிய இலை, பறவை எச்சம் ஆகியவற்றைத் தொடும் வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். புதிர் அவிழ்ப்பதும் ஏட்டில் எழுதுவதும் அவர்கள் பங்காக இருக்கட்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். எவராயினும் பொந்துக்குள்ளும் கல்லிடுக்கிலும் கையை விடாதீர்கள். முதலில் கோலால் தட்டிப் பாருங்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே வாருங்கள். மறதி நோய் உள்ளவர்களை எக்காரணத்தாலும் தனியே அனுப்பாதீர்கள்.

உடனிருப்போருக்கு

இதுவரை நோயாளிகளைப் பற்றியே பேசினோம். உண்மையில் இந்தப் பொழுதுபோக்கு பராமரிப்பாளர்களுக்கே கூடுதலாகப் பயன்படக்கூடும் என்பது எங்கள் பிரிவில் சிலருடைய கருத்து. ஓராண்டு ஈராண்டாக ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கு நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப்போகிறார்கள். விசாரிப்பவர்களும் "அவருக்கு எப்படி இருக்கு?" என்றே கேட்கிறார்கள். பெட்டி தேடுவோரின் உலகில் ஒருவரை அவர் கண்ட பெட்டிகளைக் கொண்டும் எழுதிய குறிப்புகளைக் கொண்டும் மட்டுமே அறிகிறார்கள். பலர் புனைபெயரிலேயே பல்லாண்டுகள் பழகுகிறார்கள். ஒரு மணி நேரம் வெளியே சென்று வந்து, தளத்தில் இரண்டு வரி எழுதி, அதைப் பெட்டி வைத்தவர் படித்து மறுமொழி எழுதுவது சிறிய விஷயம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எவருடைய பராமரிப்பாளரும் அல்லர்.

அந்த இரண்டு வரியைக் கடனுக்கு எழுதாதீர்கள். பெட்டி வைத்தவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அதுவே. வழியில் என்ன கண்டீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். மறைவிடத்தை மட்டும் வெளியிட்டுவிடாதீர்கள். கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினாலும் அதைப் பதிவு செய்ய வேண்டும்; பெட்டி தொலைந்திருக்கிறதா என்று வைத்தவர் வந்து பார்க்க அது உதவும். ஈரமான ஏட்டைக் கண்டால் உலர்ந்த தாள் ஒன்றைச் சேர்த்துவிட்டு வருவது நல்ல பழக்கம். உறுப்பினர்கள் நேரில் கூடும் நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றுள் ஒரு வகை, 2002 முதல் நடந்துவருவது, ஓரிடத்தில் கூடிக் குப்பைகளை அகற்றுவதற்கானது. நம் குளக்கரைகளுக்கு அது எவ்வளவு தேவை என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பொதுத் தளத்தில் நோயின் விவரங்களையோ மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாட்களையோ எழுதாதீர்கள். வீட்டின் எண்களையும் தராதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதாகிவிடும்.

தொடங்க விரும்புவோர் அடுத்த மறுபரிசோதனையின்போது இயன்முறை மருத்துவப் பிரிவில் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த மதிப்பெண் வரையிலான பாதை ஏற்றது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எப்போது கூட்டலாம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தருகிறோம். அதே குறிப்பேட்டில் நாள் குறிக்கும் கட்டத்துக்கு அருகே இன்னொரு கட்டம் சேர்த்துள்ளோம். கண்ட பெட்டியின் பெயரை அதில் எழுதலாம். காணாமல் திரும்பிய நாட்களையும் எழுதுங்கள். நடந்த கணக்கில் அவையும் சேரும்.